மாலை ஜிம்மா, விடியல் நடையா? வேலூர் வெயிலில் செமஸ்டரைத் தாண்ட

மாசியில் இன்டர்னல், பங்குனியில் ரெக்கார்டும் பிராக்டிகலும், சித்திரையில் செமஸ்டர். கழுத்துப் பிடிப்பு, இரவு வராத தூக்கம், மெஸ் தட்டைப் பார்த்தாலே எரிச்சல் எல்லாம் இந்த மூன்று மாதத்தில்தான் சேர்ந்து வரும். உடம்பை அசைத்தால் பாதி இறங்கிவிடும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போவதா, விடியலில் கோட்டைப் பக்கம் நடப்பதா என்பதுதான் கேள்வி. இந்த அலசல் நடைப் பக்கம்தான் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஜிம்மின் நன்மைகள் தெரிந்தவைதான். கருவிகள் இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார், கூட நாலு பேர் இருந்தால் சோம்பல் வராது. தசை ஏற்ற வேண்டும், எடை கூட வேண்டும் என்பவருக்கு நடை ஈடாகாது.

ஆனால் ஊரைக் கணக்கில் எடுக்க வேண்டும். ‘மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு’ என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, வெயில் காலத்தில் அது வெறும் கேலி அல்ல. சுற்றிலும் இருக்கும் மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் சூடேறி, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். மாலை ஏழு மணிக்குத் தகரக் கூரை ஜிம்மில் எடை தூக்கினால் வியர்வை கொட்டும், ஆனால் அது காய்ந்து உடம்பைக் குளிர்விக்கக் காற்று இருக்காது. ஒரு நாளில் காற்று மிகவும் குளிர்ந்திருப்பது சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான்.

வெயிலை விடவும் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: தேர்வு வாரத்தில் எந்தப் பழக்கம் தாக்குப்பிடிக்கும்?

ஜிம்முக்குப் போக, வர, குளிக்க, சாப்பிட என்று மாலை இரண்டு மணி நேரம் கரையும். நாளைக்குத் தேர்வு என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு மணி நேரம்தான். மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் பயிற்சி நின்றுபோனால் அதனால் என்ன பயன்? மாலைப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது மிகை. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்கச் செய்தால்தான் சிக்கல். உண்மையில் கெடுப்பது, பயிற்சிக்கு முன் குடிக்கும் காபியும் காஃபீன் கலந்த பவுடரும். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். ஆறு மணிக்குக் குடித்தது பதினொன்றுக்கும் பாதி உடம்பில் நிற்கும்.

விடியல் நடையில் 30 நிமிடம் போதும், மாலைப் படிப்பையும் அது தொடாது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடம்பின் கடிகாரம் சரியாகி, இரவில் தூக்கம் தானாக முன்கூட்டி வரும். இந்த ஒன்றுக்காகவே நடைக்கு என் ஓட்டு. படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம்தான் அடிப்படை.

தொடங்குவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 12.30-க்குப் படுப்பவர் மறுநாளே 5.15-க்கு அலாரம் வைத்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. மூன்றாம் நாள் வகுப்பில் தலை தொங்கும், நான்காம் நாள் நடையும் போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள், படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் சேர்த்தே. படுக்கும் நேரம் 10.15-க்கு வந்து சேர 18 நாள் பிடிக்கும். பங்குனி பிறந்ததும் ஆரம்பித்தால் தேர்வுக்கு முன் உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கினால் அந்த வாரத்து உழைப்பில் பாதி வீண்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், தலைசுற்றுகிறவர்கள் அரை வாழைப்பழம். முதல் 5 நிமிடம் மெதுவாக, பிறகு வேகமாக. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். வாரம் 5 நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ரப்பர் செருப்போடு சிமென்ட் தரையில் ஓடாதீர்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கக்கூடும். அகழிப் பக்கம் கொசு உண்டு, முழுக்கை சட்டை நல்லது. இருட்டில் நாய்த் தொல்லை இருக்கும் தெருவென்றால் வெளுக்கும்வரை பொறுங்கள். அரை மணி நடைக்கு பாட்டில் பானங்கள் தேவையே இல்லை. உப்புப் போட்ட மோரோ, சின்ன வெங்காயத்தோடு கேழ்வரகுக் கூழோ போதும்.

நடையால் தசை வலு வராது என்ற குறை நியாயமானது. வாரம் இரண்டு நாள் அறையிலேயே பஸ்கி 15, தண்டால் 10 என்று மூன்று சுற்று போடுங்கள். தண்டால் வராதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். புரோட்டீன் பவுடர் வாங்கும் காசுக்கு வேர்க்கடலையும் முட்டையும் வாங்கலாம். 50 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 12 கிராம் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6.

நடை எல்லோருக்கும் ஒத்துவராது. விடுதி கேட் ஆறரைக்குத்தான் திறக்கும் என்றால் மொட்டை மாடியோ வளாகமோதான் கதி. குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து காலை ஏழு மணிக்குள் பஸ் பிடிக்கும் பெண்ணிடம் போய் விடியலில் நட என்று சொல்வது எளிது, செய்வது அவருக்குத்தான் கஷ்டம். காலையில் 15, சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் 15 என்று பிரித்துக்கொள்ளலாம். காலை வெளிச்சத்தின் பலன் சற்றுக் குறையும், மற்றதெல்லாம் கிடைக்கும்.

ஜிம், நடை இரண்டுமே மருந்தல்ல. இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நடையைக் கூட்டுவதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம்.

இதற்குப் பிறகும் ஜிம்தான் என்றால், பிப்ரவரியில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். உதாரணத்துக்கு 3,000 ரூபாய் கட்டி, ஸ்டடி லீவும் தேர்வும் போக 30 நாள்தான் போனீர்கள் என்றால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் மாதாமாதம் கட்டுவதே கைக்கு அடக்கம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாட்களைக் கழித்துக்கொடுப்பார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.