மணப்பெண் கவுன்: ஆர்டரா, தையலா, வாடகையா, அம்மாவுடையதா?

மணப்பெண் கவுன்களைப் பிடித்தும் பிரித்தும் திருத்தித் தருவதுதான் என் தொழில். என்னிடம் வரும் பெண்கள் கழுத்து எப்படி இருக்க வேண்டும், கைக்கு லேஸ் வைக்கலாமா என்று மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள். கவுன் எந்த வழியாகத் தன் கைக்கு வரப்போகிறது என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். கண்ணீரோடு என் முன் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் தவறான கவுனைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, தவறான வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள். அதனால் இங்கே வழிகளைத்தான் ஒப்பிடுகிறேன். எத்தனை மாதம் கேட்கிறது, எவ்வளவு திருத்தம் தாங்கும் என்ற இரண்டையும் வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில், அதிகம் பேர் போகும் வழி: கடையில் மாதிரியைப் போட்டுப் பார்த்து ஆர்டர் கொடுப்பது. இதில் ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ் என்று டேப் வைத்து அளக்கிறார்கள் அல்லவா, அதனால் கவுன் அந்த அளவுக்கே தைத்து வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். வராது. அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் நம் உடம்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு எண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன் அளவுகள் அன்றாட உடைகளின் அளவுகளைவிடச் சிறியதாகவே இருக்கும் என்பதால், வழக்கமாகப் போடும் எண்ணைவிட ஒன்று இரண்டு எண் கூடிவிடும். அதைப் பார்த்து மனம் வாட வேண்டாம். மூன்று அளவுகளில் எது பெரியதோ அதற்கேற்ற எண்ணையே வாங்குங்கள். இடுப்பைப் பிடித்துத் தைப்பது சுலபம். பிரித்து விட வேண்டுமென்றால் உள்ளே துணி இருக்க வேண்டும், பல கவுன்களில் அது விரலகலம்கூட இருக்காது. "அதற்குள் உடம்பைக் குறைத்துவிடுவேன்" என்று சின்ன எண்ணை வாங்குபவர்களை நான் கெஞ்சியே தடுப்பேன்.

ஆர்டர் கொடுத்த கவுன் வந்துசேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். அதன்பிறகு திருத்தத்துக்கு இரண்டு மாதம், அதில் இரண்டு மூன்று ஃபிட்டிங், அதாவது கவுனை அணிந்து பார்த்துத் திருத்தும் அமர்வு. ஆக, எட்டு ஒன்பது மாதம் கையில் இருந்தால் இந்த வழி நிம்மதியானது. அணிந்து பார்த்ததையே அணியப்போகிறோம் என்ற உறுதி இதன் பெரிய பலம்.

தைத்துக்கொள்வதில் அந்த உறுதி கிடையாது. படத்தையும் துணியையும் பார்த்து நம்ப வேண்டும். ஆனால் உடம்பை மதிக்கும் வழி இதுதான். ஒரு தோள் சற்றுத் தாழ்ந்தவர், மார்புக்கும் இடுப்புக்கும் அளவு வித்தியாசம் அதிகமுள்ளவர், உயரம் மிகக் குறைந்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கு ஆயத்த அளவுகளில் எதை வாங்கினாலும் பாதியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். நல்ல தையற்கலைஞர் முதலில் விலை குறைந்த பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்து, உங்கள் மேல் போட்டு ஊசி குத்தித் திருத்திவிட்டே பட்டில் கத்தரி வைப்பார். மாதிரியே வேண்டாம், நேராக வெட்டிவிடலாம் என்பவரிடம் துணியைக் கொடுக்காதீர்கள்.

அவர் முன்பு தைத்த ஒரு கவுனை உள்பக்கம் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளியே மின்னும் மணி வேலையைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம். தோள்பட்டை இல்லாத கவுன் கீழே இறங்காமல் நிற்பது மார்பு இறுக்கத்தால் அல்ல. உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி ஓடும், பாவாடையின் கனத்தை அதுதான் தாங்கும். அந்தப் பட்டி இல்லாத கவுனை அணிந்தவர் விருந்து முழுக்க மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார்.

தைப்பதற்கும் ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். விபத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 1953இல் ஜாக்குலின் பூவியே, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியை மணந்தபோது அணிந்த கவுனைத் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினக் கலைஞர். திருமணத்துக்குப் பத்து நாள் போல் இருக்கையில் அவருடைய பட்டறையில் தண்ணீர் புகுந்து, மணப்பெண் கவுனும் தோழியரின் உடைகளில் பலவும் பாழாயின. மாதக்கணக்கில் செய்த வேலையை இரவு பகலாக உட்கார்ந்து நாட்கணக்கில் மறுபடி முடித்துக் கொடுத்தார், நஷ்டத்தையும் தானே ஏற்றுக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நின்றுவிடும். அப்படி ஒரு கலைஞர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கையில் இருக்கும் வாரங்கள்தான் நமக்குக் காப்பு.

கடையில் தொங்குவதை அப்படியே வாங்கிக்கொண்டு போவது மூன்றாவது வழி. மாதிரிக்கு வைத்திருந்த கவுன்களைக் கழிவு விலையில் தருவார்கள். மூன்று மாதமே இருக்கிறது என்றால் இதுதான் புத்திசாலித்தனம். ஜிப், அக்குள், கீழ் ஓரம் இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். பலர் போட்டுக் கழற்றிய கவுனில் முதலில் கெடுவது இந்த மூன்றும்தான்.

வாடகைக் கவுனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் கத்தரி வைக்க முடியாது, தற்காலிகத் தையல் மட்டுமே போடலாம். அதனால் பின்புறம் கயிறு கோத்து இறுக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள், ஜிப் வைத்ததைவிட அது உடம்புக்கு விட்டுக்கொடுக்கும். கறை, கிழிசலுக்கு யார் பொறுப்பு, எந்த நாளில் திருப்ப வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவு சரியாக அமைந்துவிட்டால், ஒரே நாள் அணியப்போகும் உடைக்கு இது மிக நேர்மையான தீர்வு.

அம்மாவின் கவுன் அப்படியல்ல. என் மேசையில் அதிக நேரம் எடுப்பதும், நான் அதிகம் விரும்புவதும் அதுதான். ஆசையோடு பெட்டியைத் திறந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பழுப்புப் புள்ளிகள். அன்று சிந்திய இனிப்புப் பானம் அப்போது கண்ணுக்குத் தெரிந்திருக்காது, ஆண்டுகள் போனபின் கறையாக வெளிப்படும். இரண்டாவது, துணியின் உயிர். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு கீறல் கீறலாகப் பிளந்திருந்தால் அது தையலைத் தாங்காது, ஊசி போட்ட துளையிலிருந்தே கிழியும். பாட்டி காலத்துப் பட்டில் இது சகஜம். அந்த நாளில் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்புகளை ஏற்றுவார்கள், அந்த உப்பே நாளடைவில் இழையைத் தின்றுவிடும்.

துணி நன்றாக இருந்தால் எவ்வளவோ செய்யலாம். 2020இல் பிரிட்டன் இளவரசி பீட்ரிஸ், தன் பாட்டி எலிசபெத் ராணி 1960களில் அணிந்த, நார்மன் ஹார்ட்னெல் என்ற உடை வடிவமைப்பாளர் உருவாக்கிய உடையைத்தான் கடன் வாங்கி மணக்கோலம் பூண்டார். அவருக்காகச் சேர்த்தவற்றில் கண்ணில் பட்டது ஆர்கன்சா என்ற மெல்லிய துணியில் தைத்த குட்டையான கை. பழைய கவுனில் இப்படித்தான் தொட வேண்டும், கொஞ்சமாக. துணி தாங்காது என்றாலும் மனம் உடைய வேண்டாம், லேஸை மட்டும் பிரித்தெடுக்கலாம். 1840இல் வெள்ளை சாட்டினில் மணமான விக்டோரியா ராணி, அந்தக் கவுனின் ஹொனிடன் லேஸை, அதாவது கையால் பின்னிய ஆங்கிலேய லேஸைப் பின்னாளில் வேறு உடைகளிலும் வைத்து அணிந்தார். அம்மாவின் லேஸை மகளின் முக்காட்டு ஓரத்தில் நானும் தைத்திருக்கிறேன். அதைப் பார்த்த அந்தத் தாயின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

எந்த வழியில் போனாலும், துணியைப் பொறுத்துத் திருத்தத்தின் பாடு மாறும். கீழ் ஓரத்தில் வளைவு வளைவாக லேஸ் ஓடும் கவுனை வெறுமனே மடித்துக் குறைக்க முடியாது, லேஸைப் பிரித்து மேலே ஏற்றி மறுபடி தைக்க வேண்டும். மணி வைத்த மார்புப் பகுதியைப் பிடிப்பதென்றால், தையல் ஓடும் இடத்தில் மணிகளைக் கையால் எடுத்து, பிறகு கையால் கோக்க வேண்டும். சாட்டினில் பிரித்த ஊசித்தடம் மறையாது. டாஃபெட்டா என்ற விறைப்பான பட்டுத் துணி கசங்கும். 1981இல் பிரிட்டன் இளவரசி டயானாவின் திருமணத்தில், பின்னால் தரையில் புரளும் 25 அடி நீள டாஃபெட்டாத் தோகை குதிரை வண்டிக்குள் மடங்கி, இறங்கும்போது சுருக்கம் சுருக்கமாக விரிந்ததை உலகமே பார்த்தது. வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்து போக வேண்டியவர்கள் க்ரேப், சிஃபான் பக்கம் பாருங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஒன்பது மாதம் இருந்து, உடம்பும் ஆயத்த அளவுகளுக்கு ஓரளவு ஒத்துவருமானால் ஆர்டர். உடம்பு அந்தப் பட்டியலுக்குள் அடங்காதென்றால், மாதிரி தைத்துக் காட்டும் ஒருவரிடம் தையல். மூன்று மாதம் என்றால் கடையில் இருப்பது, அல்லது வாடகை. அம்மாவின் கவுன் இருக்கிறதென்றால், வேறு எதற்கும் முன் அதை ஒரு தையற்கலைஞரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். முடியாது என்று அவர் சொன்னாலும் மற்ற வழிகளுக்கு அப்போது நேரம் இருக்கும்.

கடைசி ஃபிட்டிங்கைத் திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வையுங்கள். அன்று அணியப்போகும் செருப்பையும் உள்ளாடையையும் எடுத்துப் போங்கள், குதிகால் அரை அங்குலம் மாறினாலும் ஓரம் தரையில் புரளும். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், இரண்டு படி ஏறி இறங்குங்கள். தோகையை மேலே தூக்கி மாட்டும் கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்று உங்களோடு நிற்கப்போகும் தோழிக்கு அன்றே காட்டி, அவரையே இரண்டு முறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.