குரல் கொடுப்பதா, காது கொடுப்பதா?

சேலத்தில் உள்ள எங்கள் சிறிய அறிவியல் வட்டத்துக்கு ஒரு நன்கொடை கிடைத்தபோது, அதை வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் பணிக்குச் செலவிடலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்; எப்படித் தேடுவது என்பதில்தான் இரு கட்சி ஆயிற்று. வெளிநாட்டு அலைபரப்பி ஒன்றில் நேரம் வாங்கிச் செய்தி அனுப்பலாம் என்றனர் சிலர். ஏர்க்காட்டில் ஓர் ஆண்டெனாவை நிறுத்தி, வருவதைக் கேட்கலாம் என்றோம் மற்றவர்கள். கேட்பது என்றே முடிவாயிற்று. நான் அந்தப் பக்கம் நின்றவன் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதாக, பொருளாகவே எதையாவது அனுப்பும் வழியும் இருக்கிறது. அது நம் கைக்கு எட்டாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977-இல் புறப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டைச் சுமந்து செல்கின்றன. அதில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கும் கன்னடமும் இருக்க, தமிழ் இல்லை என்ற வருத்தம் நம்மவர்களுக்கு எப்போதும் உண்டு. பராமரிப்பே வேண்டாத ஏற்பாடு அது. ஆனால் வாயேஜர் 1 வேறொரு விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) அருகில் செல்லவே சுமார் 40,000 ஆண்டுகள் ஆகும் என்பதால், அதை நினைவுச்சின்னம் என்று சொல்லலாமே தவிரப் பரிமாற்றம் என்று சொல்ல முடியாது.

செய்தி அனுப்புவதை எதிர்ப்பவர்கள், நாம் இருக்குமிடம் தெரிந்து யாராவது தீங்கு செய்ய வரலாம் என்ற ஆபத்தையே வழக்கமாகக் காரணம் காட்டுவார்கள். வானியலாளர் மார்ட்டின் ரைல் 1974-லேயே எதிர்த்தார். ஸ்டீபன் ஹாக்கிங் 2010-இல் எச்சரித்தார். நமது ராடார்களின் அலைகள் ஏற்கெனவே வெளியே கசிந்துகொண்டிருப்பதால், அந்த அச்சம் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. என்னை அசைத்தது பராமரிப்பு. ஆண்டெனாவின் பராமரிப்பை நான் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் ஏற்பாட்டின் பராமரிப்பைச் சொல்கிறேன்.

1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட் கொண்ட செய்தி ஒன்று, சுமார் 25,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்டது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்த வேலை. 2020 டிசம்பரில் அந்தத் தொலைநோக்கி இடிந்து விழுந்தபோது, செய்தி 46 ஒளியாண்டு தூரத்தைத்தான் கடந்திருந்தது. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போவதற்கு ஒப்பான காரியம் இது. பக்கத்து விண்மீனுக்கு அனுப்பினாலும் நிலைமை பெரிதாக மாறாது. 2017-இல் நார்வேயிலிருந்து, சுமார் 12 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள லூயிட்டன் விண்மீனுக்கு ஒரு செய்தி போயிற்று. மறுமொழி உடனே கிளம்பினாலும் 2042 வாக்கில்தான் வந்து சேரும். அதுவரை எந்த நிறுவனம், யார் பணத்தில், அந்தத் திசையை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கும்? நாசா 1992 அக்டோபரில் தொடங்கிய பெரிய தேடல் திட்டத்துக்கே அடுத்த ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்திவிட்டது.

கேட்பதிலும் கருவிகள் அழியத்தான் செய்கின்றன. 1977 ஆகஸ்ட் 15 அன்று 72 வினாடி நீடித்த, இன்றுவரை விளக்கம் கிடைக்காத அலையைப் பிடித்த ஒஹாயோ தொலைநோக்கி 1998-இல் பிரிக்கப்பட்டு, அந்த இடம் கோல்ஃப் மைதானத்தோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் அன்றைய கணினித்தாள் பதிவை இன்றும் ஆராய்கிறார்கள். அனுப்பியவர் விலகிப்போனால் அனுப்பியது வீண். கேட்டவர் மறைந்தாலும் கேட்டது ஏட்டில் நிற்கும். என் கணக்கில் இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

பொருள் கொள்வதற்கும் கால அவகாசம் வேண்டும். சிந்துவெளி எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதியவர்கள் நம்மைப்போன்ற மனிதர்கள், வாழ்ந்தது இதே மண்ணில். தொல்லெழுத்து அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதன் குறிகளையெல்லாம் தொகுத்து 1977-இல் வெளியிட்டார். படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. எழுத்தோ இன்னும் பிடிகொடுக்கவில்லை. கண்ணும் காதும் எப்படிப்பட்டவை என்றே தெரியாத ஓர் இனத்தின் செய்தியைப் படிக்கத் தலைமுறைகள் தேவைப்படலாம். கையில் பதிவு இருந்தால் அவ்வளவு காலமும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கலாம்.

எங்கள் கருவி மிக எளியது. செவ்வாய்ப்பேட்டையில் தகர வேலை செய்பவர் ஒருவர் அலுமினியத் தகட்டை வளைத்துக் கொம்பு வடிவில் ஆண்டெனா செய்து கொடுத்தார். அதன் கழுத்தில் ஒரு பெருக்கி, கீழே மடிக்கணினியில் ஒரு டாங்கிள், அதாவது வானொலி அலைகளை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் சிறு செருகு கருவி. ஹைட்ரஜன் அணுக்கள் அலை எழுப்பும் 1,420 மெகாஹெர்ட்ஸில் சில நிமிடங்கள் பதிவைக் கூட்டிக்கொண்டே போனால், பால்வீதியின் ஹைட்ரஜன் திரையில் ஒரு சிறு மேடாக எழும்புகிறது. 1960-இல் அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் வேற்றுக்கிரகவாசிகளுக்கான தம் முதல் தேடலை நடத்தியதும் இதே அலைவரிசையில்தான். தொல்லைகள் எல்லாம் உள்ளூர்த் தொல்லைகள்: பனிமூட்டத்தின் ஈரம் இணைப்பிகளில் பச்சையாகப் பூத்துவிடும், குரங்குகள் கேபிளை இழுத்துப் பார்க்கும், கோடை மழை இடிக்குமுன் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். அலைபேசிக் கோபுரங்களின் இரைச்சலை வடிகட்டி ஒன்று ஓரளவு அடக்குகிறது.

இந்தக் கொம்பு வேற்றுக்கிரகவாசிகளைப் பிடித்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டியில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கும் வானொலித் தொலைநோக்கியோடு ஒப்பிட்டால் இது பயிற்சிப் பலகைதான். விடாமல் பதிவு செய்யும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்டுவதே இதன் பயன். லேசர் துடிப்புகளைத் தேடும் முறையில் எனக்குக் கைப்பழக்கம் இல்லாததால், அது இதைவிட மேலானதா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

உண்மையிலேயே ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று செய்தி அனுப்பும் கட்சிக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். 1989-இல் பன்னாட்டு விண்வெளியியல் கழகம் ஏற்ற கோட்பாடுகள், முதலில் பிறரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கின்றன. உலக நாடுகள் கலந்து பேசாமல் மறுமொழி அனுப்பக் கூடாது என்கின்றன. அவற்றுக்குச் சட்ட வலிமை கிடையாது. இருந்தும் எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவற்றைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அனுப்பலாம் என்று வாதிட்டவர்களும் அதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.