94 பேரை தூக்குல போட்டாங்க, எண்ணிப் பாத்தா 95 பிணம்: பிரதர் கேட்ஃபேல் நாவல்கள்

சாமியார் துப்பறியிற கதைன்னாலே எல்லாரும் ஃபாதர் பிரவுனத்தான் சொல்வாங்க, நானும் அங்கதான் ஆரம்பிச்சேன், நல்ல கதைங்கதான், ஆனா அவர் வருவார், புதிர அவிழ்ப்பார், போயிடுவார், செத்தது யாருன்னே ரெண்டு நாள் கழிச்சு நமக்கு ஞாபகம் இருக்காது. எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதின பிரதர் கேட்ஃபேல் வரிசை அப்படி இல்ல. மொத்தம் 20 நாவல், முதல் புக் 1977ல வந்துச்சு, கடைசி புக் 1994ல. நான் பாதிக்கு மேல படிச்சிட்டேன், அதுல வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இது.

ரெண்டாவது நாவல்ல இருந்து ஆரம்பிங்க. பேரு 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி', 1979ல வந்தது. கதை நடக்கிறது 1138, இங்கிலாந்துல வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்துல ஷ்ரூஸ்பரிங்கிற ஊரு. ராஜா ஹென்றி செத்ததுக்கு அப்புறம் அவர் பொண்ணு மாட், கூடப் பொறந்தவளோட பையன் ஸ்டீபன், ரெண்டு பேருக்கும் சிம்மாசனத்துக்காக சண்டை. ஸ்டீபன் கோட்டைய புடிச்சு உள்ள இருந்தவங்க 94 பேரை தூக்குல போட்டுடறான், இந்த முற்றுகையும் தூக்கும் நெசமாவே நடந்தது. அந்த ஊர் கிறிஸ்தவ மடத்துல இருக்கிற துறவிங்க போய் செத்தவங்கள அடக்கம் பண்ண அனுமதி கேக்கறாங்க, கிடைக்குது, அவங்கள்ல ஒருத்தரான கேட்ஃபேல் பொறுப்பெடுத்து ஒவ்வொருத்தரா வரிசையா படுக்க வெச்சு எண்றார். 95 வருது. மறுபடி எண்றார், அப்பவும் 95.

அந்த ஒரு ஆள் கழுத்துல இருக்கிற தடம் மட்டும் வேற. மத்தவங்க கழுத்துல தூக்குக் கயிறு போட்ட தடம், இந்தப் பையன் கழுத்துல சன்னமா ஒரு சரடு இறுக்கின கோடு. யாரோ பின்னாடி இருந்து நெரிச்சுக் கொன்னுட்டு, இத்தனை பிணத்துக்கு நடுவுல யாரு பாக்கப் போறான்னு கொண்டுவந்து போட்டிருக்காங்க. இந்த இடத்துல நான் புக்க மூடி வெச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா ராஜா ஆளுங்களுக்கு 94ம் 95ம் ஒண்ணுதான், குழி தோண்டி மொத்தமா போட்டா முடிஞ்சது வேலை. எண்ணணும்னு தோணினது ஒரு துறவிக்கு மட்டும்தான், அவருக்கு ஒவ்வொரு பிணமும் பேரு தெரிஞ்சு ஜெபம் பண்ணி அனுப்ப வேண்டிய ஒரு ஆளு. கொலைகாரன் போட்ட கணக்கு தப்பினது இந்த ஒரு இடத்துலதான். சாமியார ஏன் துப்பறியறவரா வெக்கணும்னு கேக்கறவங்களுக்கு இத விட நல்ல பதில் நான் எங்கயும் படிக்கல, மத்த நிறைய புக்ல அங்கிய கழட்டிட்டு போலீஸ் யூனிஃபார்ம் மாட்டினாலும் கதை அப்படியே ஓடும்.

கேட்ஃபேல் பொறந்ததுல இருந்தே மடத்துல இருந்தவர் இல்ல. வேல்ஸ்காரர், சிலுவைப் போருக்குப் போனவர், கடல்ல சுத்தினவர், பொம்பளைங்கள காதலிச்சவர், நாப்பது வயசுக்கு மேலதான் மடத்துக்கு வர்றார். இப்ப அறுபதை நெருங்கிட்டார், மூலிகைத் தோட்டத்தப் பாத்துக்கறார், ஊருக்கே மருந்து காய்ச்சித் தர்றார்.

மூணாவது நாவல் 'மங்க்ஸ் ஹூட்' (1980) இந்த மருந்த வெச்சுத்தான். மூட்டு வலிக்கு தேய்க்கிறதுக்குன்னு அவர் காய்ச்சி வெச்ச தைலத்த யாரோ எடுத்து ஒருத்தர் சாப்பாட்டுல கலந்துடறாங்க. மங்க்ஸ் ஹூட்ங்கிறது அந்தத் தைலத்துல சேர்த்த விஷச் செடி, நம்ம சித்த மருந்துல வசநாவின்னு சொல்றாங்கல்ல, அதே குடும்பத்துச் செடிதான், வெளிய தேய்ச்சா வலி மரத்துப் போகும், வயித்துக்குள்ள போனா உசுரு போயிடும். தன் கையால காய்ச்சின மருந்தே ஒருத்தர கொன்னிருக்குன்னு அவருக்குத் தெரியிற அந்த இடம் ரொம்ப கனமா இருக்கு. எழுதினவங்களோட நெசப் பேரு ஈடித் பார்ஜெட்டர், சின்ன வயசுல மருந்துக் கடையில வேலை பாத்தவங்க, தோட்டத்துக் குடிசையில தொங்கற காய்ஞ்ச மூலிகைக் கட்டு, அடுப்புல கொதிக்கிற சிரப்புன்னு வர்ற பக்கங்கள்ல அது நல்லாவே தெரியுது.

குறைன்னா, கிட்டத்தட்ட எல்லா புக்லயும் ஒரு இளம் ஜோடி வரும், அதுல பையன் மேல பழி விழும், அவன் நிரபராதின்னு நமக்கு முப்பதாவது பக்கத்துலயே தெரிஞ்சிடும். தொடர்ந்து மூணு நாலு படிச்சா இது உறுத்தும், அதனால நடுவுல வேற ஏதாவது படிச்சிட்டு வாங்க. இங்கிலீஷும் கொஞ்சம் பழைய நடை, முதல் அம்பது பக்கம் மெதுவாத்தான் போகும், நேரத்த எல்லாம் பிரைம், வெஸ்பர்ஸ், காம்ப்ளின்னு ஜெப வேளைய வெச்சே சொல்வாங்க, பிரைம்னா விடிகாலை, வெஸ்பர்ஸ் சாயங்காலம், காம்ப்ளின் படுக்கப் போறதுக்கு முன்னாடி, இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

டிவி சீரியலும் இருக்கு, டெரக் ஜாக்கோபி நடிச்சது, 1994ல இருந்து 98 வரைக்கும் 13 எபிசோட். அவர் நடிப்பு அருமை, ஆனா புக்க படிச்சிட்டு அப்புறம் பாருங்க, இல்லன்னா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடும்.

பழைய காப்பி வாங்கறவங்க ஒரு விஷயம் கவனிங்க. நான் ஆன்லைன்ல ஒரு கடையில வாங்கின 'மங்க்ஸ் ஹூட்'ல பைண்டிங் விட்டுப்போய் கடைசி பதினாறு பக்கம் இல்ல, யாரு கொன்னாங்கன்னு தெரியிறதுக்கு சரியா முன்னாடி பக்கத்துல நின்னு போச்சு, திருப்பி அனுப்பி வேற காப்பி வர பத்து நாள் ஆச்சு, அந்த பத்து நாளும் எனக்கு வேற எதுவும் படிக்க ஓடல. வாங்கினதும் முதல்ல கடைசிப் பக்கம் இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க, எழுத்தப் படிச்சிடாதீங்க.