காரைக்குடி பக்கம் ஓட்டலில் வைன் வாங்குகிறீர்களா? முதலில் தக்கையைக் கேளுங்கள்

போன மார்கழியில் அக்காவும் மச்சானும் டொராண்டோவிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் பத்து இருக்கும்போது, மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவிட்டு, கூடவே அடர்த்தியான சிவப்பு வைன் ஒரு கிளாஸ் குடிப்பது மச்சானுக்குப் பழக்கம். ஷிராஸ், மால்பெக் மாதிரி, நிறம் கருத்து, ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கிற வகை. "இங்கயும் பனி விழுதே மாப்ளே, ஒண்ணு திறப்போமா?" என்றார். நம்மூர்ப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு போதும் என்பது வேறு விஷயம்.

பழைய செட்டியார் வீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் ஓட்டலுக்குப் போனோம். மெனுவில் அர்ஜென்டினாவின் மெண்டோசா மால்பெக், பாட்டில் 5,200 ரூபாய். சரி என்றோம்.

பாட்டிலை உள்ளேயே திறந்துகொண்டு வந்து ஊற்றினார்கள். அதை விட்டது எங்கள் தப்பு. மச்சான் ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது. ஜாம் அடிப்பிடித்த மாதிரி வாசம், பின்னாலேயே வினிகர் புளிப்பு. கிளாஸை வெள்ளை விரிப்புக்கு மேல் சாய்த்துக் காட்டினார். ஓரமெல்லாம் செங்கல் பழுப்பு. தக்கையைக் கேட்டு வாங்கினோம். அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்க வேண்டிய தக்கையில், பக்கவாட்டாக மேல்நுனி வரை கருஞ்சிவப்புக் கோடு ஓடியிருந்தது. சூட்டில் வைன் விரிந்து, தக்கையைத் தள்ளி, ஓரமாகக் கசிந்திருக்கிறது. அந்த வழியில் காற்றும் உள்ளே போயாச்சு.

பாட்டில்கள் இருந்த இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முகப்பில் கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, எதிரே மேற்கு வெயில். சித்திரையில் இங்கே 38, 40 டிகிரி சாதாரணம். வைனுக்கு வேண்டியது 12, 13 டிகிரி. வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரைக்கல்லுமாகக் குளுகுளுவென்று அறைகள் சும்மா கிடக்கின்றன, பாட்டில் மட்டும் வெயிலில்!

மேனேஜரைக் கூப்பிட்டோம். "ரெட் வைன்னா ரூம் டெம்பரேச்சர்லதான் சார் வைக்கணும்" என்றார். அது குடிக்கிற சூட்டைப் பற்றி ஐரோப்பாவில் சொன்ன பேச்சு. அவர்கள் பழைய வீடுகளின் அறை 16, 18 டிகிரிதான். அப்புறம், "பழசானா டேஸ்ட் அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொரு சமாதானம். பெரும்பாலான மால்பெக் சில வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியது. மாற்றித் தரவே இல்லை. பில்லில் முழு விலை, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகு அதை மட்டும் அடித்தார்கள்.

அதனால், போகிறவர்கள் மேசையில் வைத்தே திறக்கச் சொல்லுங்கள். தக்கை பாட்டில் வாயை விட்டுத் துருத்திக்கொண்டிருந்தால் திறக்கவே விடாதீர்கள். நல்ல பாட்டில் கிடைத்தாலும் கால் மணி நேரம் ஐஸ் வாளியில் வையுங்கள். வெதுவெதுப்பாகக் குடித்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். இன்னொன்று, மிளகுக் கோழி வறுவலோடு இந்த வகை சேராது, காரம் இரண்டு மடங்காக எரியும். எனக்கு எரிந்தது.

தக்கையை எடுத்து வந்துவிட்டேன். போட்டோவோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.