பின்ன அடுக்கு: முதலில் மூலமா, படியா?

125-இன் அடுக்கு 2/3. பின்னத்தின் பகுதி (கீழ் எண்) 3 கனமூலத்தைச் சொல்கிறது, தொகுதி (மேல் எண்) 2 வர்க்கத்தை. முதலில் மூலம் எடுத்தால் 5, பிறகு 25, மனக்கணக்கே போதும். முதலில் படி எடுத்தாலும் 25தான், ஆனால் 15625-இன் கனமூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கையால் போடுபவருக்கு மூலமே முதலில்.

அடிமானம் (அடுக்கு ஏறும் எண்) மிகை எண்ணாக இருக்கும்வரை எந்த வரிசையும் சரி. குறை எண்ணில்தான் வம்பு. −8-இன் கனமூலம், அதாவது அடுக்கு 1/3, −2. அதே 1/3-ஐ 2/6 என்று எழுதி முதலில் வர்க்கப்படுத்தினால் 64. அதன் ஆறாம் மூலம் +2! வர்க்கம் குறியை விழுங்கிவிட்டது. மூலத்தில் தொடங்கினாலோ −8-க்கு மெய்யெண்களில் ஆறாம் மூலமே கிடையாது. அதனால்தான் பின்ன அடுக்கின் வரையறை மிகை அடிமானம் கேட்கிறது (பலர் தாண்டிவிடும் வரி அது). குறை எண்ணை அனுமதிப்பதானால் முதலில் பின்னத்தைச் சுருக்குங்கள். பிறகு பகுதி ஒற்றைப்படையா என்று பாருங்கள்.