யூரின் டியூபோடு மூன்று வருஷம்: எங்களுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை

எங்கள் ஐயனுக்கு வயசு 79. காங்கயம் பக்கம் தோட்டத்து வீடு. ப்ராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டது. இதயம் பலவீனமாக இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து டியூப்தான். முதல் வருஷத்தில் மூத்திரத்தில் கிருமி தாக்கி நாலு தடவை குளிர்காய்ச்சல், நாலு தடவையும் அட்மிஷன். கடைசி பதினாலு மாசத்தில் ஒரே தடவை. புது மருந்து ஒன்றும் இல்லைங்க. டியூபை நோண்டுவதை நிறுத்தினோம்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்ததெல்லாம் அதிகப்படி. வாரம் ஒருமுறை ஒருத்தர் வந்து டியூப் வழியே சலைன் விட்டுக் கழுவுவார். ராத்திரிக்குப் பெரிய பேக், பகலுக்குக் காலில் கட்டும் சின்ன பேக் என்று தினம் ரெண்டு தடவை டியூபைக் கழற்றி மாட்டுவோம். டியூப் நுழைகிற இடத்தில் காலையும் பொழுதோடும் டெட்டால் பஞ்சு. பிறகு வந்த சிஸ்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்ண்ணா, ஜாயிண்ட்டக் கழட்டறப்பெல்லாம் கிருமிக்குக் கதவத் தொறந்து வுடறீங்களே!"

இப்போது கால் பேக் வாரம் முழுக்க அப்படியே இருக்கும். ராத்திரிப் பேக்கை அதன் அடிக்குழாயில் மாட்டிவிடுகிறோம். டியூப் ஜாயிண்ட் திறப்பது கால் பேக் மாற்றும் நாளில் மட்டும். டெட்டால் போச்சு, தினம் ஒருதரம் சோப்பும் தண்ணியும் போதும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவணும், இதில் மட்டும் சலுகை கிடையாது. கயித்துக்கட்டில் தாழ்வாக இருந்து பேக் தரையில் உரசியது. நாலு காலுக்கும் ஹாலோ பிளாக் கொடுத்து உயர்த்தினோம். பேக் இடுப்புக்குக் கீழேதான் தொங்கணும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஒருதரம் வேனில் ஏற்றும்போது உதவிக்கு வந்தவர் பேக்கைத் தூக்கி ஐயன் வயிற்றின்மேலேயே வைத்துவிட்டார். உள்ளே இருந்தது திரும்ப ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். மூணாம் நாள் காய்ச்சல். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதற்கப்புறம் பேக்கை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.

எங்களை அதிகம் அலைக்கழித்தது கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். டியூப் போட்டவர்களில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் மூத்திரத்தில் புதிதாகக் கிருமி சேரும். ஒரு மாசம் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். டெஸ்ட் எடுத்தால் வரத்தான் செய்யும். இது தெரியாமல் மாசாமாசம் டெஸ்ட் எடுத்து, வந்ததற்கெல்லாம் மாத்திரை கொடுத்தோம். ஒரு டாக்டர் தடுப்புக்கென்று ஆறு மாசம் தினம் ஒரு ஆன்டிபயாடிக் எழுதினார். கடைசியில் எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமி வந்து ஒன்பது நாள் ஊசி. இப்போது நாற்றம், கலங்கல் என்பதற்கெல்லாம் ஓடுவதில்லை. குளிரோடு காய்ச்சல், விலா அல்லது அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் வந்தால் உடனே கிளம்புகிறோம். போன ஆடியில் விடிகாலை எழுந்து, "செவலைக்குத் தண்ணி காட்டினியா கண்ணு?" என்றார். அந்தக் காளையை விற்றுப் பத்து வருஷமாச்சு. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனல். அன்றைக்குப் பழைய டியூபை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு, அதிலிருந்துதான் சாம்பிள் பிடித்தார்கள். பேக்கில் தேங்கியதைப் பிடித்துக் கொடுப்பது வீண்.

ஒருநாள் பேக் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். வீட்டில் அலறிவிட்டார்கள். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. குடலில் புரதம் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளை மூத்திரத்துக் கிருமிகள் நீலமும் சிவப்புமான சாயமாக்குகின்றனவாம். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, காய்ச்சல் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை என்றார்கள். மலச்சிக்கலைச் சரி செய்ததும் நிறம் போயிற்று. டியூப் ஓரமாக ஒழுகிக்கொண்டிருந்ததும் அதோடு நின்றது.

டியூப் விஷயத்தில் லேடெக்ஸ் ரப்பரை விட்டு முழு சிலிக்கோனுக்கு மாறினோம். விலை சில மடங்கு. சிலிக்கோன் 12 வாரம் வரை தாங்கும் என்பார்கள். எங்களுக்கு ஏழாவது வாரமே அடைத்தது. எடுத்த டியூபின் நுனியைக் கையுறையோடு உருட்டிப் பார்த்தேன், உள்ளே நறநறவென்று மணல். புரோட்டியஸ் என்ற கிருமி மூத்திரத்தைக் காரத்தன்மைக்கு மாற்றி உப்பைப் படிய வைக்கிறது. அதனால் அடைக்கும்வரை காத்திருக்காமல் ஆறாவது வாரமே மாற்றுகிறோம். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்று வருகிற ஒறம்பரை எல்லாம் சொல்வார்கள். இதயம் இப்படி இருக்கிறவருக்கு அது சரிப்படாது. டாக்டர் அளந்து சொன்னது ஒன்றரை லிட்டர், அதைச் சொம்புக் கணக்கில் பிரித்துக் கொடுக்கிறோம். பார்லித் தண்ணி, வாழைத்தண்டுச் சாறு, கிரான்பெர்ரி மாத்திரை மூன்றையும் பார்த்தாச்சு. எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரைக்குக் கொடுத்த காசுதான் இன்னும் உறுத்துகிறது.

கால் பேக்கில் ஒரு குறை, அதன் எலாஸ்டிக் பட்டை. தொடையில் அழுந்திப் புண்ணாக்கியது. பழைய வேட்டியைக் கிழித்து நாடா தைத்துக் கட்டினோம். இந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வேட்டிக்குள் அதைக் கட்டிக்கொண்டே வந்தார். பாதி நிரம்பியதும் வண்டி மறைவில் காலி செய்துவிட்டேன். திரும்பிப் போய் துண்டுக்கடியில் கை கொடுத்து ஒரு கிடாரிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார், படியவில்லை.