ஹோகார்த்தின் செப்புத் தகடா, ஒரு பென்னி மரக்கட்டையா?

பிரிட்டனின் பழைய குற்றப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் பலரும் சட்டென பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் வில்லியம் ஹோகார்த் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அவருக்கு எதிரே இரண்டு மலிவுச் சரக்குகள் இருக்கின்றன. தெருவில் விற்ற ஒற்றைத் தாள் ஒன்று, ‘இல்லஸ்ட்ரேட்டட் போலீஸ் நியூஸ்’ வார இதழ் இன்னொன்று.

முதலில் ஹோகார்த். உழைப்பாளி குட்சைல்டு, சோம்பேறி டாம் ஐடில் என்று இரண்டு தறிப்பட்டறைப் பையன்களின் கதையை 1747-இல் செப்புத் தகட்டில் செதுக்கி 12 படங்களாக வெளியிட்டார். பத்தாவது படத்தில் குட்சைல்டு நீதிபதி நாற்காலியில் இருக்கிறான். கைதியாக வந்து கும்பிட்டு நிற்பவன் பழைய கூட்டாளி டாம். குட்சைல்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பொத்திக்கொள்கிறான். உருக்கமான காட்சிதான். ஆனால் என் கண் போவது ஓரத்துக்கு. டாமைக் காட்டிக்கொடுக்க வந்த ஒற்றைக்கண்ணன் இடது கையால் சத்தியம் செய்கிறான். செய்து வைக்கும் குமாஸ்தாவோ ஒரு பெண்ணிடம் லஞ்சம் வாங்குவதில் மும்முரமாக இருக்கிறார். நல்லவன் நீதிபதியானாலும் நீதிமன்றம் அப்படியேதான் நடக்கிறது.

அடுத்த படம் லண்டனின் டைபர்ன் தூக்குமேடை. டாமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு கூட்டம். தூக்குமரத்தின் மேல் சாய்ந்தபடி அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவன், பைப் புகைக்கிறான். முன்னால் ஒருத்தி, கையில் குழந்தையோடு, டாமின் ‘கடைசி வாக்குமூலம்’ அச்சிட்ட தாளைக் கூவி விற்கிறாள். டாம் இன்னும் சாகவில்லை!

அவள் விற்கும் தாள்தான் நம் இரண்டாவது போட்டியாளர். கொலைச்சிந்து என்போமே, அந்த ரகம். மரக்கட்டையில் செதுக்கிய ஒரு படம், கீழே வாக்குமூலம், கொஞ்சம் பாட்டு. செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும், அதற்குத் தனி அச்சு இயந்திரம் வேண்டும். மரக்கட்டையில் மேடு மை பிடிக்கும் என்பதால் எழுத்தோடு சேர்த்தே அடித்துவிடலாம். ஒரே தூக்குமரக் கட்டை ஆள் மாற்றி ஆளுக்குப் பயன்பட்டது. படமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் வீச்சில் ஹோகார்த் பக்கத்தில்கூட வர முடியாது. ஒரு களஞ்சியத்தில் காதலியைக் கொன்ற ‘செங்களஞ்சியக் கொலை’க்காக 1828-இல் வில்லியம் கார்டரைத் தூக்கிலிட்டபோது, லண்டன் செவன் டயல்ஸ் அச்சகர் கேட்நாச் விற்ற தாள் பத்து லட்சத்தைத் தாண்டியது என்பார்கள்.

போலீஸ் நியூஸ் 1864-இல் வந்தது. விலை ஒரு பென்னி. முகப்பு முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். யாரும் பார்த்திராத கொலைக் கணம்தான் நடுநாயகம். 1888-இல் லண்டனில் நடந்த வைட்சாப்பல் கொலைகள் (‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகள்) இதற்குத் தீபாவளி மாதிரி. 1886-இலேயே ‘பால் மால் கெஸட்’ வாசகர்கள் இதை இங்கிலாந்தின் படுமோசமான பத்திரிகை என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊரின் பயத்தை அறிய இது உதவும். நீதிமன்றத்தை அறிய இதை நம்பமாட்டேன்.

சரி, ஹோகார்த்துக்கே என் ஓட்டு. அதில் ஒரு வேடிக்கை. அவரும் மரக்கட்டைக்கு ஆசைப்பட்டவர்தான். 1751-இல் வந்த ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்று, கொலைகாரன் பிடிபடும் படத்தையும் அவன் பிணத்தை அறுக்கும் படத்தையும் ஜான் பெல்லிடம் கொடுத்து மரத்தில் செதுக்க வைத்தார். செலவு எகிறியது. நான்கையும் செப்பிலேயே அடித்து, படம் ஒரு ஷில்லிங் (12 பென்னி) என்று விற்றார்.